சம்பளம் கம்மி, ஊரு தூரம்: ரெண்டு இருபத்திரண்டு வயசுப் பசங்க கதை

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு சித்தி பையன்கிட்ட இருந்து போன். லேப்டாப் மக்கர் பண்ணினா மட்டும்தான் பயபுள்ள எனக்கு போன் பண்ணுவான். அன்னிக்கு குரலே வேற மாதிரி இருந்துச்சு.

"அண்ணா, ஜெர்மனில ஒரு யுனிவர்சிட்டி லேப்ல ஆறு மாச இன்டர்ன்ஷிப் கிடைச்சிருக்கு. ஆனா அவங்க குடுக்கற காசு ரூம் வாடகைக்கும் பாதி சாப்பாட்டுக்கும்தான் வரும். டிக்கெட், விசா எல்லாம் நம்ம கைக்காசு. போலாமா, வேணாமா?"

இதுக்கு நடுவுல காலேஜ் கேம்பஸ்ல கிடைச்ச வேலை ஒண்ணும் கையில இருக்கு. ஜூலைல சேரச் சொல்லுவாங்க. சித்தப்பா ஒரே வரில தீர்ப்பு சொல்லிட்டாராம்: "வாங்கற சம்பளம் வாடகைக்கே பத்தாதுன்னா அது என்னடா வேலை?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியலை. "ரெண்டு நாள் டைம் குடுடா"ன்னு சொல்லி வச்சுட்டேன். அப்புறம் தூக்கம் வரலை. ஏன்னு கடைசில சொல்றேன்.

ஆபீஸ்ல ஆணி கம்மியா இருந்த நேரத்தில பழைய புத்தகம் எல்லாம் புரட்டினப்ப, இதே கேள்வில மாட்டிக்கிட்ட ரெண்டு பேர் ஞாபகம் வந்தாங்க. ரெண்டு பேரும் இங்கிலாந்துக்காரங்க. அந்தக் கேள்வி வந்தப்ப ரெண்டு பேருக்கும் வயசு 22. ஒருத்தர் மைக்கேல் ஃபாரடே, 1813-ல. இன்னொருத்தர் சார்லஸ் டார்வின், 1831-ல. பேரைச் சொன்னதுமே "ஓ, அவங்கள்லாம் மேதைகள்"னு எழுந்து போயிடாதீங்க. அப்போ அவங்க மேதைகள் இல்லை. ஒருத்தர் சமீபத்துல வரைக்கும் புத்தகம் பைண்டிங் பண்ணிட்டிருந்த பையன். இன்னொருத்தர் டாக்டர் படிப்பைப் பாதில விட்டுட்டு, அப்பா சொன்னாரேன்னு பாதிரியார் ஆகறதுக்காகப் படிச்ச பையன்.

முதல் பையன்: கொல்லன் மகன்

ஃபாரடேயோட அப்பா இரும்பு அடிக்கிற கொல்லர். அடிக்கடி உடம்புக்கு முடியாமப் போயிடும். வீட்டில ரொம்பக் கஷ்டம். 13 வயசில ஒரு புத்தகக் கடையில எடுபிடி வேலை, 14 வயசில அதே கடையில பைண்டிங் தொழில் கத்துக்க ஏழு வருஷ ஒப்பந்தம். 1810-ல அப்பா போயிட்டார். அம்மா வீட்டில ஆளுங்களைத் தங்க வச்சு, அந்த வருமானத்தில குடும்பத்தை ஓட்டினாங்க.

பைண்டிங்குக்கு வர்ற புத்தகங்களைத் தைக்கிறதோட நிக்காம படிக்கவும் செஞ்சான் பையன். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில மின்சாரம் பத்தின கட்டுரை, ஜேன் மார்செட் அம்மையார் வேதியியல் பத்தி எழுதின புத்தகம்னு ஆரம்பிச்சு, அதுல இருந்த சோதனைகளைக் கையில இருந்த சில்லறையை வச்சுச் செஞ்சு பார்த்தான். 1812-ல கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன்ல ஹம்ப்ரி டேவி பேசற நாலு சொற்பொழிவுக்கு டிக்கெட் குடுத்தார். டேவி அந்தக் காலத்து வேதியியல் சூப்பர் ஸ்டார். சோடியம், பொட்டாசியம் எல்லாம் அவர் பிரிச்சு எடுத்ததுதான். பையன் குறிப்பெடுத்து, படம் வரைஞ்சு, அழகா பைண்ட் பண்ணி டேவிக்கே அனுப்பி வச்சான். இன்னிக்கு நாம ரெஸ்யூம் அனுப்பறோமே, அது மாதிரி. என்ன, இது முந்நூறு பக்கத்துக்குக் கிட்ட :)

டேவி முதல்ல சொன்ன அறிவுரை, பைண்டிங் தொழிலையே பாருன்னுதான். ஆனா 1813 பிப்ரவரியில அங்க இருந்த லேப் உதவியாளர் ஒருத்தர் கைகலப்பில இறங்கி வேலையை இழந்தார். மார்ச் 1-ஆம் தேதி ஃபாரடேக்கு அந்த வேலை. வாரம் 25 ஷில்லிங், மாடில ரெண்டு ரூம், குளிர் காய நிலக்கரி, மெழுகுவத்தி. ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங்னா, கணக்குப் போட்டா வருஷத்துக்கு 65 பவுண்டு.

இது கிடைச்சு ஏழு மாசம்தான் ஆச்சு. அதுக்குள்ள டேவி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். ஐரோப்பா முழுக்கச் சுத்தப் போறேன், எழுத்து வேலைக்கும் சோதனை வேலைக்கும் உதவியாளா நீயும் வர்றியான்னு கேட்டார்.

அது சாதாரண டூர் இல்லை. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் வருஷக் கணக்கா போர். டேவிக்கு ஏற்கனவே பிரான்ஸ்ல ஒரு அறிவியல் பரிசு குடுத்திருந்தாங்க. அந்த மரியாதையில நெப்போலியன் அரசு அவருக்கு விசேஷ பாஸ்போர்ட் குடுத்துச்சு. எதிரி நாட்டுக்குப் போறாரேன்னு உள்ளூர்ல திட்டினவங்க நிறைய. நம்ம பையனோ லண்டனைத் தாண்டிப் பெருசா எங்கயும் போனதில்லை. பிரெஞ்சும் தெரியாது, இத்தாலியும் தெரியாது. அப்பா வேற இல்லை. இப்பத்தான் கிடைச்ச நிரந்தர வேலையை விடணும்.

ஆனா ஒரு விஷயம் நல்லா கவனிக்கணும். கிளம்பறதுக்கு முன்னாடி டேவிகிட்ட இருந்து ஒரு வாக்குறுதி கிடைச்சது: திரும்பி வந்ததும் அதே வேலையில சேர்ந்துக்கலாம். இதை ஃபாரடேயே எழுதி வச்சிருக்கார். அதுக்கப்புறம்தான் சரின்னு சொன்னார். 1813 அக்டோபர் 13-ஆம் தேதி கிளம்பினாங்க. லைப்சிக்ல நெப்போலியனைத் தோற்கடிச்ச பெரிய போர் நடந்ததும் அதே வாரம்தான்.

கடைசி நேரத்தில டேவியோட சொந்த வேலைக்காரர் வரமாட்டேன்னுட்டார். சம்பளத்துக்கு வர்ற ஆளே ஜகா வாங்கற அளவுக்கு இருந்திருக்கு நிலைமை. உடனே டேவி நம்ம பையன்கிட்ட, "பாரிஸ் போற வரைக்கும் அந்த வேலையையும் கொஞ்சம் பார்த்துக்கோ, அங்க போய் ஆள் போட்டுக்கலாம்"ங்கற மாதிரி ஒரு ஏற்பாடு பண்ணினார். நம்ம ஊர்ல டேமேஜர் "தற்காலிகமா பார்த்துக்கோ"ன்னு சொன்னா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். ஒண்ணரை வருஷப் பயணம் முடியற வரைக்கும் சரியான ஆளே கிடைக்கலை!

என்ன பார்த்தான், என்ன பட்டான்

வண்டியைப் பிரிச்சுக் கப்பல்ல ஏத்தி, பிளிமத்ல இருந்து பிரான்ஸ்ல மோர்லேங்கற ஊருக்குப் போய், திரும்ப மாட்டி ஓட்டினாங்க. இறங்கினதும் உடம்பெல்லாம் சோதனை, சில நாள் காத்திருப்பு. அப்புறம் பாரிஸ்.

பாரிஸ்ல நவம்பர் மாசம் ஆம்பியரும் இன்னும் ரெண்டு வேதியியலாளர்களும் டேவியைத் தேடி வந்து ஒரு பொருளைக் குடுத்தாங்க. சூடு பண்ணினா ஊதா நிறத்தில ஆவி வரும். கூர்த்துவாங்கறவர் 1811-ல கண்டுபிடிச்சது, ஆனா என்னன்னு யாருக்கும் சரியாத் தெரியலை. டேவி கையோட கொண்டு போன சின்னப் பெட்டி லேபை வச்சே அது ஒரு புதுத் தனிமம்னு காட்டினார். அதான் அயோடின். பக்கத்தில நின்னு எடுத்துக் குடுத்துட்டிருந்தது நம்ம பையன். டிசம்பர்ல வண்டில போற நெப்போலியனையே தெருவில நின்னு பார்த்தான்.

அடுத்து ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலி. ஃபிளாரன்ஸ்ல பிரபுவோட பெரிய லென்ஸை வச்சு சூரிய ஒளியைக் குவிச்சு வைரத்தை எரிச்சாங்க. மிஞ்சினது கரியமில வாயு, அதாவது வைரமும் கரியும் ஒரே சரக்கு. வெசுவியஸ் எரிமலை மேல ஏறினாங்க. மிலன்ல மின்கலம் கண்டுபிடிச்ச வோல்ட்டாவை நேர்ல பார்த்தாங்க. மின்சாரத்தைப் பத்திப் பைண்டிங் கடையில படிச்ச பையனுக்கு அந்த மனுஷனையே பார்க்கக் கிடைச்சதுன்னா யோசிச்சுப் பாருங்க.

இப்ப அடுத்த பக்கம். டேவி மரம் செதுக்கறவரோட மகனாப் பொறந்து மேல வந்தவர். அவர் மனைவி ஜேன் பெரிய பணக்காரி. அந்தம்மாவுக்கு ஃபாரடே ஒரு வேலைக்காரன், அவ்வளவுதான். அதை அடிக்கடி காட்டிக்கிட்டும் இருந்தாங்க. ஜெனீவால ஒரு விஞ்ஞானி வீட்டில தங்கினப்ப, இவனை மேஜையில சரிசமமா உட்கார வைக்கறதா, வேலைக்காரங்களோட சாப்பிட வைக்கறதான்னு பிரச்சினை வந்ததா ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, ஃபாரடே நண்பர் அபட்டுக்கு எழுதின கடிதங்கள்ல இந்த அவமானம் எல்லாம் பதிவாகியிருக்கு. 1814 கடைசில எழுதின கடிதத்தில, இப்படியெல்லாம் நடக்கும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா லண்டனை விட்டே கிளம்பியிருக்க மாட்டேன்கற அர்த்தத்தில எழுதறார். நேரா ஊருக்குத் திரும்பிடலாமான்னு பல தடவை யோசிச்சிருக்கார். டேவிகிட்ட கத்துக்கற வாய்ப்புதான் அவரைப் பிடிச்சு நிறுத்தினது.

நான் இதைப் படிச்சப்ப கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன். ஏன்னா நாம வழக்கமாக் கேக்கற கதையில இந்த வரி வராது. "கஷ்டப்பட்டார், மேதை ஆனார்"னு நேரா கிளைமாக்ஸ் போயிடுவாங்க. நடுவுல அந்த ஆள் தான் எடுத்த முடிவு தப்போன்னு பல தடவை நினைச்சிருக்கார்.

இஸ்தான்புல் வரைக்கும் போறதா திட்டம். கொள்ளை நோய், எல்பா தீவுல இருந்து நெப்போலியன் தப்பிச்சது எல்லாம் சேர்ந்து, 1815 ஏப்ரல்ல லண்டன் திரும்பிட்டாங்க. டேவி வாக்குறுதியைக் காப்பாத்தினார். மே மாசம் ஃபாரடேக்குத் திரும்ப வேலை, வாரம் 30 ஷில்லிங். ஒண்ணரை வருஷ அனுபவத்துக்குக் கிடைச்ச ஹைக் அஞ்சு ஷில்லிங் :)

ஆனா கையில இருந்தது வேற. பிரெஞ்சும் இத்தாலியும் ஓரளவு வந்துடுச்சு. ஐரோப்பாவோட பெரிய தலைகள் எப்படி யோசிக்கறாங்க, எப்படிச் சண்டை போடறாங்கன்னு பக்கத்தில இருந்து பார்த்தாச்சு. 1821-ல மின்சாரத்தால கம்பியைச் சுத்த வைக்கிற சோதனையை ஃபாரடே செஞ்சப்ப, அதைப் பத்தி ஆம்பியரோட கடிதத்தில பேச முடிஞ்சது. கல்லூரி வாசலையே மிதிக்காத ஒருத்தருக்கு அந்தப் பயணம்தான் கல்லூரி.

கூடவே இதையும் சொல்லிடறேன். 1824-ல ராயல் சொசைட்டில ஃபாரடேயை உறுப்பினராச் சேர்க்கறப்ப, எதிர்த்து நின்னவர் அதோட தலைவரா இருந்த டேவி. கத்துக் குடுத்தவரே குறுக்க நின்ன கதையும் இதுல அடக்கம்.

ரெண்டாவது பையன்: டாக்டர் மகன்

1831 ஆகஸ்ட் 29. வேல்ஸ் மலைப் பக்கம் பாறை பார்க்கப் போயிட்டு வீடு திரும்பின டார்வினுக்கு ஒரு கடிதம் காத்திருந்தது. அனுப்பினவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹென்ஸ்லோ. பீகிள்ங்கற கடற்படைக் கப்பல் தென் அமெரிக்கக் கடற்கரையை அளக்கப் போகுது. கேப்டன் ஃபிட்ஸ்ராய்க்கு வயசு 26. பேச்சுத் துணைக்குப் படிச்ச, இயற்கை ஆர்வம் உள்ள ஒரு ஆள் வேணும். (அந்தக் கப்பலோட முந்தின கேப்டன் 1828-ல தன்னைத்தானே சுட்டுக்கிட்டவர். தனிமை அப்படி.) சம்பளம்? பூஜ்யம். சாப்பாட்டுக்கு வருஷம் 30 பவுண்டு அளவில இவர்தான் கட்டணும். துப்பாக்கி, கருவி, உதவியாள் எல்லாம் சொந்தச் செலவு.

வாய்ப்பு முதல்ல டார்வினுக்கு வரவே இல்லைங்கறதுதான் தமாஷ். ஹென்ஸ்லோவே போகலாமான்னு யோசிச்சு, மனைவி முகம் வாடினதைப் பார்த்து விட்டுட்டார். அவர் மச்சான் லெனர்ட் ஜெனின்ஸ் தன்னோட திருச்சபைப் பொறுப்பை விட்டுட்டுப் போக முடியாதுன்னுட்டார். மூணாவதாத்தான் நம்ம ஆள்.

டார்வினோட அப்பா ராபர்ட், ஷ்ரூஸ்பரில பெரிய டாக்டர், நல்ல வசதி. அவர் சொன்ன ஆட்சேபங்களை டார்வின் வரிசையா எட்டா எழுதி வச்சிருக்கார். அதை நான் நம்ம பாணில சொல்றேன்:

பாதிரியார் ஆகப் போறவனுக்கு இது மரியாதையா? கிறுக்குத்தனமான திட்டம். உன்னைக் கேக்கறதுக்கு முன்னாடி பல பேரைக் கேட்டிருப்பாங்க. அவங்க எல்லாரும் வேணாம்னு சொல்லியிருக்காங்கன்னா கப்பல்லயோ பயணத்திலயோ ஏதோ கோளாறு. திரும்பி வந்து நீ ஒரு இடத்தில உட்கார மாட்டே. தங்கற வசதி மோசமா இருக்கும். மறுபடியும் தொழிலை மாத்தற. கடைசியா, இதனால ஒரு பிரயோஜனமும் இல்லை.

என்னங்க, இது 1831-ல இங்கிலாந்துல சொன்னதா, போன வாரம் கரூர்ல சொன்னதா?

டார்வின் அடுத்த நாளே, ஆகஸ்ட் 30, வரலைன்னு பதில் எழுதிட்டார். ஆமா, டார்வின் முதல்ல வேணாம்னுதான் சொன்னார். ஆனா அப்பா கதவை முழுசாச் சாத்தலை. புத்தியுள்ள எவனாவது ஒருத்தன் போகலாம்னு சொன்னா நானும் சம்மதிக்கிறேன்னு சொல்லியிருந்தார்.

மறுநாள் டார்வின் போனது தாய்மாமன் வீட்டுக்கு. ஜோசையா வெட்ஜ்வுட், பீங்கான் தொழிலதிபர். நம்ம ஊர் மாதிரியே, மாமான்னா அந்த வீட்டிலயும் தனி செல்லம் போல. (பின்னாடி 1839-ல டார்வின் கட்டிக்கிட்டதும் இந்த மாமா பொண்ணு எம்மாவைத்தான்!) மாமா எட்டு ஆட்சேபத்துக்கும் ஒண்ணொண்ணா எழுத்தில பதில் குடுத்தார். இயற்கை ஆராய்ச்சி பாதிரியாருக்கு இழுக்கு இல்லை, பொருத்தம்தான். பையன் மும்முரமாத் தொழில் படிப்பில இருந்தா நானே கலைக்க வேணாம்னு சொல்வேன், ஆனா அவன் இப்ப அதுல இல்லை, இப்ப அவன் போற பாதையும் இந்தப் பயணமும் ஒரே திசைதான். தொழிலுக்கு நேரடிப் பிரயோஜனம் இல்லாம இருக்கலாம், ஆனா இப்படி ஊர் உலகத்தைப் பார்க்கற வாய்ப்பு ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் வரும். இது மாமாவோட வாதம்.

கடிதத்தோட அவர் நிக்கலை. செப்டம்பர் 1-ஆம் தேதி வண்டியைப் பூட்டி, மருமகனை ஏத்திக்கிட்டு, 30 மைல் தாண்டி மச்சான் வீட்டுக்கு நேர்ல வந்துட்டார். அப்பா சம்மதிச்சார். செலவும் அவருடையதுதான். கேம்பிரிட்ஜ்ல ஊதாரித்தனமாச் செலவழிச்சிருந்த டார்வின், கப்பல்ல போய் நீங்க குடுக்கற காசுக்கு மேல செலவு பண்ணணும்னா ரொம்பக் கெட்டிக்காரனாத்தான் இருக்கணும்னு அப்பாவைச் சமாதானப்படுத்த, அவரும் சிரிச்சுக்கிட்டே நீ கெட்டிக்காரன்னுதானே சொல்றாங்கன்னாராம். அப்பாக்கள் எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான்.

டிசம்பர் 27-ஆம் தேதி கப்பல் கிளம்பினது பிளிமத்ல இருந்து. ஃபாரடே போன அதே ஊர். ரெண்டு மூணு வருஷம்னு சொன்ன பயணம் முடிஞ்சது 1836 அக்டோபர் 2-ல, கிட்டத்தட்ட அஞ்சு வருஷம். அதுல என்ன கிடைச்சதுன்னு உலகத்துக்கே தெரியும்.

சம்பளம் வாங்காததுல ஒரு சூட்சுமம் இருந்தது. சேகரிச்ச பொருள் எங்க போகணும்ங்கற முடிவு டார்வின் கையில இருந்தது. கேப்டனும் எப்ப வேணும்னாலும் நீங்க ஊர் திரும்பலாம்னு முன்னாடியே சொல்லியிருந்தார். அதே கப்பல்ல சம்பளத்தோட இருந்த மருத்துவர் மெக்கார்மிக், வழக்கப்படி இயற்கை ஆராய்ச்சி தன் வேலைன்னு நினைச்சவர். கேப்டன் டார்வினுக்குக் குடுத்த இடத்தைப் பார்த்து வெறுத்துப் போய் 1832 ஏப்ரல்லயே ரியோல இறங்கிட்டார்.

ஒரு தேதி

மேல சொன்ன ஆகஸ்ட் 29, 1831-ஐ மறுபடி பாருங்க. அதே நாள்தான் லண்டன்ல, அதே ராயல் இன்ஸ்டிடியூஷன்ல, 39 வயசு ஃபாரடே ஒரு இரும்பு வளையத்தில ரெண்டு பக்கமும் கம்பி சுத்தி, ஒரு பக்கம் மின்சாரத்தை விட்டதும் மறுபக்கம் முள் ஆடறதைப் பார்த்தார். மின்காந்தத் தூண்டல். இன்னிக்கு நம்ம தெருவில நிக்கற டிரான்ஸ்பார்மர் வரைக்கும் அங்க இருந்துதான் வருது. ஒரு பையன் தன் கேள்விக்கான கடிதத்தைப் பிரிச்ச நாள்ல, இன்னொருத்தர் பதினெட்டு வருஷம் முன்னாடி எடுத்த முடிவோட பலனைக் கையில வச்சிருந்தார். இது வெறும் தற்செயல்தான், தத்துவம் எல்லாம் இல்லை. ஆனா அதைப் பார்த்தப்ப எனக்குச் சிலிர்த்துச்சு.

ஜெயிச்சவன் கணக்கு மட்டும் போதுமா?

இங்க நிறுத்தினா இது மொக்கை தன்னம்பிக்கைப் பதிவு ஆயிடும். பொட்டி தட்டற நமக்கு ஒரு பாடம் தெரியும்: ஜெயிச்ச கேஸை மட்டும் வச்சு டெஸ்டிங் முடிச்சா புரொடக்‌ஷன்ல படுத்துடும். குறைஞ்ச காசுக்கு வெளியூர் போய், ஒண்ணும் ஆகாம கடனோட திரும்பின பசங்க பேரெல்லாம் வரலாற்றுல இல்லை.

வேணாம்னு சொன்னவங்களும் முட்டாள் இல்லை. ஹென்ஸ்லோ கேம்பிரிட்ஜ்லயே இருந்து, டார்வின் அனுப்பின பெட்டிகளை வாங்கிப் பாதுகாத்தார். அவர் இல்லைன்னா பாதிச் சரக்கு வீணாகியிருக்கும். ஜெனின்ஸ்தான் பின்னாடி பீகிள் பயணத்தில கிடைச்ச மீன்களைப் பத்தின பகுதியை எழுதினார். 93 வயசு வரைக்கும் நிம்மதியா வாழ்ந்தார்.

இன்னொரு பையனும் கப்பல்ல இருந்தான். சிம்ஸ் கவிங்டன். பிடில் வாசிக்கற, கேபின் வேலை பார்க்கற பொடியன். 1833-ல டார்வினோட உதவியாளா ஆனான். சுடறது, பறவைத் தோல் உரிச்சுப் பதப்படுத்தறது எல்லாம் கத்துக்கிட்டு, சேகரிச்சதுல பெரும்பங்கு உழைச்சான். பின்னாடி ஆஸ்திரேலியா போய் ஒரு சின்ன ஊர்ல தபால் நிலையம் நடத்தினான். அவனும் அதே கடலைத்தான் பார்த்தான். ஆனா அவனுக்குப் பின்னாடி ஷ்ரூஸ்பரி டாக்டர் அப்பா இல்லை.

அதனால போறதா வேணாமாங்கறதை விட, எனக்கு மூணு கேள்வி முக்கியமாப் பட்டது.

ஒண்ணு, துண்டு விழற காசை யார் தாங்கறாங்க? டார்வினுக்கு அப்பா. ஃபாரடேக்குத் தங்கறதும் சாப்பாடும் டேவியோட பயணத்தில அடங்கிடுச்சு, ஆனா அதுக்கு விலையா வேலைக்காரன் வேஷம் போட வேண்டியிருந்தது. காசு குடுக்காத இடம் வேற ஏதோ ஒரு ரூபத்தில விலை வாங்கும். அது என்னன்னு முன்னாடியே கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

ரெண்டு, திரும்பி வர வழி இருக்கா? ஃபாரடே வேலை வாக்குறுதி இருந்ததாலதான் கிளம்பினார். டார்வினுக்கு எப்ப வேணும்னாலும் இறங்கற உரிமை இருந்தது. ரெண்டு பேருமே கண்ணை மூடிக்கிட்டுக் குதிக்கலை.

மூணு, அங்க தினமும் யார் பக்கத்தில நின்னு, கையில எதைத் தொடப் போறோம்? ஃபாரடே வெறுமனே பாரிஸைச் சுத்திப் பார்த்துட்டு வந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. அயோடின் ஆவி வந்தப்ப பக்கத்தில நின்னார். அதான் வித்தியாசம்.

கரூர்

தூக்கம் வராத காரணத்தைச் சொல்றேன்னேன் இல்ல? கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். ஃபைனல் இயர் படிக்கறப்ப எனக்கும் இதே மாதிரி ஒரு மெயில் வந்தது. மூணு மாசம், வெளிநாட்டு லேப், கொஞ்சூண்டு காசு. அப்பதான் அக்கா கல்யாணத்துக்கு அப்பா கடன் வாங்கியிருந்தார். டிக்கெட்டுக்குன்னு அவர்கிட்ட எப்படிக் கேக்கறது? நன்றி, வர முடியலைன்னு ரெண்டே நாள்ல பதில் போட்டுட்டேன். வீட்டில இன்னி வரைக்கும் யாருக்கும் தெரியாது. வருத்தமான்னு கேட்டா, பெருசா இல்லை. அடுத்த வருஷமே வேலை, கடன் அடைஞ்சுது, எல்லாம் நல்லாத்தான் போகுது. ஆனா அந்த மெயிலை மட்டும் இன்னும் டெலிட் பண்ணலை.

டார்வின் கதையைத் திரும்பப் படிச்சப்பதான் உறைச்சது. நான் அப்பாகிட்ட கேக்கவே இல்லை. அவர் வேணாம்னு சொல்லலை, அவருக்குப் பதிலா நானே சொல்லிக்கிட்டேன். எனக்காக வண்டி பூட்டிக்கிட்டு வர ஒரு மாமாவும் இல்லை, ஏன்னா மாமாகிட்டயும் நான் சொல்லலை. தம்பி என்கிட்ட ராத்திரி பத்தரைக்குக் கேட்டது அட்வைஸ் இல்லை. வண்டி.

அதனால சனிக்கிழமை பஸ் பிடிச்சு கரூர் போனேன். சாப்பிட்டு முடிச்சதும் சித்தப்பாகிட்ட அந்த எட்டு ஆட்சேபத்தையும், யார் சொன்னதுன்னு சொல்லாம, வாசிச்சுக் காட்டினேன். "கரெக்டாத்தானே சொல்லியிருக்கார் மனுஷன்"னார். யாரோட அப்பான்னு சொன்னேன். சித்தி உள்ள இருந்து சிரிச்சாங்க. சித்தப்பா சிரிக்கலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்த டாக்டர்கிட்ட காசு இருந்துச்சு தம்பி. என்கிட்ட இல்லையே"ன்னார்.

அதுக்கு மேல என்ன வாதம் பண்றது? உண்மைதானே. நான் மாமா வெட்ஜ்வுட்டும் இல்லை, மாசக் கடைசில பர்ஸைத் தடவற ஆள்தான். டிக்கெட் என் செலவுன்னு மட்டும் சொன்னேன். அப்புறம் மூணு பேரும் உட்கார்ந்து நோட்டுல கணக்குப் போட்டோம். அன்னிக்கு ராத்திரியே தம்பி ரெண்டு மெயில் போட்டான். லேபுக்கு ஒண்ணு: மாணவர் விடுதில இடம் கிடைக்குமா, தினமும் என்ன வேலை, யார் கூட? வேலை குடுத்த கம்பெனிக்கு ஒண்ணு: சேர்ற தேதியைத் தள்ளி வைக்க முடியுமா?

ரெண்டுக்கும் இன்னும் பதில் வரலை. பதில் சரியில்லைன்னா போக வேணாம்னு நானே சொல்லிடுவேன். அதுல தப்பில்லை, ஜெனின்ஸ் 93 வயசு வரைக்கும் இருந்தார்னு சொன்னேனே. ஆனா இந்தத் தடவை கேட்டுட்டு முடிவு பண்றோம்.

உங்கள்ல யாராவது இந்த மாதிரி காசு கம்மியா வெளிநாடு போயிட்டு வந்திருந்தா, இல்லை போகாம விட்டிருந்தா, பின்னூட்டத்தில சொல்லுங்க மக்களே. முக்கியமா, போயிட்டு நொந்து வந்தவங்க. ஜெயிச்சவங்க கதை ஏற்கனவே ரெண்டு சொல்லிட்டேன்.

டிஸ்கி: தம்பிகிட்ட அனுமதி வாங்கித்தான் எழுதியிருக்கேன். சித்தப்பாகிட்ட வாங்கலை. அவர் இதெல்லாம் படிக்க மாட்டார்ங்கற நம்பிக்கைதான் :)